அருணகிரியாரும் திருப்புகழ்த் திரட்டும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் கீழைக் கோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. அதன்வழியே உட்செல்வோர் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே செல்வர். ஆதலின், உள்ளே சென்றவுடன் கண்ணிற்படும் கம்பத்திளையனார் என்னும் சிறிய கோயிலிற் பலர் நில்லாது போய்விடுகின்றனர். தமிழ் பயில்வோர் நிற்க வேண்டிய இடம் அஃதே. அரசன் முன்னிலையில், அருணகிரிநாதரின் பாட்டுக்கு இணங்கி முருகன் தூணிலே தோன்றினான் என்னும் வரலாறு அவ்விடத்தைச் சார்ந்தது. அவ்வரலாற்றை நம்புவதும் நம்பாமையும் அவரவர் உள்ளத்தின்பாற் பட்டது. ஆனால், அப்பாட்டுக்களைத் தேடித் தொகுத்த வரலாறு நம் கண்முன் உள்ள மெய்ச் செய்தி. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அருணகிரியார் 15-ஆம் நூற்றாண்டினர். பிரபுடதேவ மகாராசன் என்னும் அரசனை அவரே தம் பாடலொன்றிற் பெயர் சுட்டிக் கூறியுள்ளார். விசயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயனே அவன் என்பர் ஆராய்ச்சியாளர். கந்தரலங்காரம், கந்தரநுபூதி, கந்தரந்தாதி, திருவகுப்பு முதலிய நூல்களும் அவர் இயற்றினவே. எனினும், திருப்புகழே அவர் பெயரை நிலைநாட்டியது. அவர் பாடிய திருப்புகழ் 16,000 என்பது வழிவழி வந்த கூற்று. இப்பொழுது கிடைப்பனவோ ஏறத்தாழ 1300. பழங்கூற்றில் மிகை இருத்தல் கூடும். அதனை அவ்வாறே கொள்ளின், நூற்றுக்கு எட்டுப் பாட்டே எஞ்சின என்றாகும். எஞ்சிய இவையும் தாமாகவே வந்து நம் கையிற் சேர்ந்தன அல்ல.

1871-ஆம் ஆண்டிலே, சிதம்பரத்தில், வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்பார் தீட்சிதர் சிலர் ஓதிய திருப்புகழொன்றைக் கேட்டார். மாவட்ட முன்சீப்பாக விளங்கிய அவர், பெரும்புலவரென்று பட்டம் பெற்றவரல்லர். அந்த ஒரு பாட்டின் ஓசை அவரைப் பற்றிக்கொண்டது. ஏனைய பாடல்கள் எங்கே என்று வினவத் தொடங்கினார். தென்னாடெங்கும் ஊர் ஊராக உசாவி ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார், படியெடுத்தார். முதற் பதிப்பு 1894-இலும் இரண்டாவது 1901-இலும் வெளிவந்தன. ஒரு பாட்டைக் கேட்டதற்கும் நூல் அச்சானதற்கும் இடையே இருபத்துமூன்று ஆண்டுகள்! அவர்தம் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை பின்னாளில் அப்பாடல்களுக்கு உரை வகுத்துத் தந்தையின் தொண்டை நிறைவுசெய்தார்.

1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரை அறியாத தமிழ் மாணவர் இலர். அதே காலத்தில் அதே வகை உழைப்பை உழைத்த முன்சீப்பின் பெயரை எம் வகுப்பிற் கேட்டபொழுது விடையளித்தார் ஒருவருமில்லை. யாமும் அறியாதவரே. இசைப்பாட்டென்றால் இலக்கியத்திற் சற்றுத் தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மிடையே மறைந்து உறைதலே இதற்குக் காரணம் போலும்.

நிற்க. இத்திரட்டின் அமைப்பினைச் சிறிது நோக்குவோம். திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி எனப் படைவீடுகள் முதலாகவும், பின்னர்க் காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, காளத்தி, சிதம்பரம் என்னும் ஐம்பூதத் தலங்களாகவும், அதன்பின் ஏனைத் தலங்களாகவும் பாடல்கள் வரிசைப்பட்டுள்ளன. திருவண்ணாமலைக்கு மட்டும் எழுபதுக்கு மேற்பட்ட பாடல்கள் உள. இவ்வாறு பகுத்தற்குப் பாடலே வழிகாட்டுகின்றது. ஏறக்குறைய எல்லாப் பாட்டும் 'பெருமாளே' என்னும் விளியில் முடியும். அதனை அடுத்து முன்னே பெரும்பாலும் ஊர்ப்பெயர் நிற்கும். கடிதத்தின் முகவரி போன்றது அது. தலைப்பில்லாத தனியேடொன்று அகப்படினும், அதன் இறுதியைக் கண்டு இன்ன தலத்தது எனச் சேர்க்கலாம். ஊர் கூறாதவை பொதுப்பாடல்கள் ஆயின. இவ்வரிசையில் ஒரு குறையும் உண்டு. இளமையிற் பாடியது எது, முதுமையிற் பாடியது எது என்று அறிய வழியில்லை. புலவரின் வாழ்க்கை முழுதும் நூலில் உள்ளது. அதன் முன்பின் மட்டும் இல்லை.

இனி, சந்தத்தைப் பற்றிக் கூறுவோம். 'மடு' என்பது தன. 'மாடு' என்பது தான. 'பட்டு' என்பது தத்த. 'பந்து' என்பது தந்த. 'பாட்டு' என்பது தாத்த. குறில் நெடில் வேறுபாடும், இடையே நிற்கும் ஒற்று வல்லினமோ மெல்லினமோ என்னும் வேறுபாடும் இவ்வாய்பாடுகளில் அடங்கும். இவற்றைக் கோத்து அமைத்த ஓசைக் கட்டளையே சந்தக் குழிப்பு எனப்படும். ஒரு திருப்புகழில் ஒரே குழிப்பு பெரும்பாலும் எட்டு முறை மீண்டும் வரும். எட்டு முறையும் எழுத்து ஓசை பிறழாது, பொருளும் குன்றாது சொற்களை நிறுத்துதல் எத்துணை அரிதென்பதை ஐயுறுவோர் ஒரு குழிப்பை எடுத்துக்கொண்டு இரண்டடி முயன்று பார்ப்பாராக. யாம் ஒரு மாலைப்பொழுது முயன்று ஓரடியோடு நின்றோம்.

இச்சந்தம் செவிக்கு இன்பம் தருவதுடன் அமையாது, பதிப்பாசிரியனுக்கு அளவுகோலாகவும் உதவுகின்றது. பழைய ஓலைகளிற் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் அரிது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்றாது. கால் என்னும் நெடிற்குறியும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஓலையில் ஒன்றே; 'கொடு', 'கோடு' என்பனவும் அத்தகையனவே; 'காடு' என்பதைக் 'கரடு' என்றும் படிக்கலாம். உரைநடையாயின் இடம் நோக்கி ஊகித்தே துணிதல் வேண்டும். திருப்புகழிலோ, 'எடு' எனின் தன, 'ஏடு' எனின் தான. 'காடு' எனின் தான, 'கரடு' எனின் தனன. எட்டில் ஓரிடம் ஐயமாயின் ஏனை ஏழிடங்களும் சான்று கூறும். செல்லரித்து எழுத்து உதிர்ந்த இடத்திலும், உதிர்ந்த எழுத்துக்கள் எத்தனை, குறிலா நெடிலா என்பதைக் குழிப்பே காட்டிவிடும். தன் பிழையைத் தானே சுட்டும் இத்தகைய நூல் பிறிதொன்று உண்டோ என வியந்தோம்.

இதனை யாம் நூலிற் கற்கவில்லை. ஒரு முதியவரிடமே கற்றோம். விடுமுறையில் ஒருநாள் கம்பத்திளையனார் கோயில் அருகே அமர்ந்து, கடைத்தெருவில் வாங்கிய சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாடலைத் தாழ்ந்த குரலிற் படித்தோம். மூன்றாம் அடியில் ஓசை இடறியது. மீண்டும் படித்தோம், மீண்டும் இடறியது. அருகிருந்த முதியவர் தொடையிற் கையால் தாளம் தட்டிக்கொண்டே, "தம்பி, புத்தகத்தைப் பாராதே; தாளத்தைக் கேள். அந்த இடத்தில் நீண்டு நிற்கவேண்டும்" என்றார். "ஐயா, அச்சில் இப்படித்தானே இருக்கிறது?" என்றோம். "அச்சுக்குக் காது ஏது, அப்பா?" என்று நகைத்தார். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. எழுத்தைக் கண்டு பல ஆண்டுகள் ஆயின என்றார். கல்லூரிக்கு மீண்டு நூலகத்தில் உரைப்பதிப்பைப் புரட்டினோம். அவர் கூறியவாறே அவ்விடத்தில் நெடில் இருந்தது. நாணமும் மகிழ்ச்சியும் ஒருங்கே எய்தினோம். முன்சீப்பார் கண்ட ஏடுகளுக்குப் பின்னே இத்தகைய செவிகள் எத்தனை இருந்தனவோ! அச்செவிகள் மறைந்தபின், பிழையை எடுத்துரைப்பார் யார்?

கிறிஸ்தவ மாணவராகிய யாம் இப்பொருளை எடுத்தமை குறித்து நண்பர் சிலர் வினவினர். முதலில் எமக்கும் தயக்கம் இருந்தது, அதனை மறைக்கவில்லை. ஆனால், வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் படிப்பவர் சந்தத்தின் சுவையை அறியாது படித்தல் இயலாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனங்களைப் பாடி வளர்ந்த செவி, தாளத்தை அயலாகக் கருதாது. பாதிரியாராகிய போப் 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தளித்தார். அதனால் அவர்தம் பற்றுக் குறைந்ததில்லை. பிறர் வழிபாட்டை நமதென்று சொல்லிக்கொள்ளாமலே, அவர்தம் பாட்டின் அருமையை உள்ளவாறு போற்றலாம் என்பதே யாம் கண்ட முடிவு.

திருப்புகழின்மேற் கூறப்படும் குறைகளும் உள. வடசொற் கலப்பு மிகுதி என்பது ஒன்று. பல பாடல்களின் முற்பகுதி பரத்தையரின் தோற்றத்தை நெடிது வருணிக்கின்றது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. முற்பகுதி மயக்கமும் பிற்பகுதி அதினின்றும் மீட்சியும் ஆதலின், முன்னது பின்னதற்கு நிலைக்களம் என்பர். இவ்விடை எல்லாப் பாடல்களுக்கும் பொருந்துமென யாம் துணியவில்லை. சில பாடல்களில் வருணனை அளவிறந்தே நிற்கின்றது. ஆயினும், குறையுடைய பாடல்களை நீக்கிவிட்டுத் தொகுத்திருந்தால் இவ்வினாவை எழுப்பவும் நமக்கு இடமிராது.

இருபதாம் நூற்றாண்டில் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழை மக்களிடையே பரப்பினார். 1964-இல் வெளிவந்த 'அருணகிரிநாதர்' என்னும் திரைப்படத்தில் டி. எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடிய 'முத்தைத்தரு' வீடுதோறும் ஒலித்தது. அந்த 1960-களில் மேனாட்டிற் பாடிய இசைக்குழுக்களின் பாட்டுக்களுள் மக்கள் விரும்பியவற்றை மட்டும் பொறுக்கி ஓர் இசைத்தட்டில் அடைத்து விற்றல் வழக்கம். கேட்போர் அவ்வளவே அக்குழுவினர் பாடினர் என எண்ணிவிடுவர். திருப்புகழுக்கும் அந்நிலையே நேர்ந்தது. பத்துப் பாடல்கள் நாவில் உள்ளன. ஆயிரத்திருநூற்றுக்கு மேற்பட்டவை நூலில் உறங்குகின்றன. புகழ்பெற்ற சில பாடல்கள் வாயில் போன்றவை; வாயிலிலேயே நின்றுவிடுதல் வீட்டைக் கண்டதாகாது.

ஆதலின், மாணவ நண்பர்காள்! நம் நூலகத்திற் பல ஆண்டுகளாக எவரும் எடுக்காத திருப்புகழ்த் தொகுதிகளை எடுத்துப் புரட்டுமின். அறியாத பாடலொன்றைத் தெரிந்து, அதன் சந்தக் குழிப்பை முதலில் வாய்விட்டுச் சொல்லி, பின்னர்ப் பாடலைப் படிமின். உங்கள் ஊரில் ஏடு பாராது பாடும் முதியோர் இருப்பின், அவர்கள் பாடுவதைக் கேட்டு நூலோடு ஒப்பிட்டுக் குறித்து வைம்மின். ஒரு பாட்டைக் கேட்ட ஒருவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை அழிவினின்றும் மீட்டனர். அவர் மீட்டதை நாம் படிக்கவேனும் செய்தல் வேண்டாவோ?