கணினி மெதுவாகிறதா? முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்

உங்கள் வீட்டுக் கணினி ஒரு படத்தைத் திறக்கவும் பல நிமிடங்கள் எடுக்கிறதா? பெட்டியின் முன்னாலுள்ள சிறிய விளக்கு ஓயாமல் மின்னுகிறதா? "பழசாகிவிட்டது, புதிது வாங்குவோம்" என்று மகன் சொல்லியிருப்பார். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரி" என்று நானா சொல்லியிருப்பார். இரண்டுக்கும் அவசரப்படாதீர்கள்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மூலையில் கிடந்த பழைய கணினியை நீங்களும் மேசைக்கு எடுத்திருக்கலாம். பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லாத லினக்ஸ், பழைய இயந்திரத்துக்கு ஏற்றது. நம் கண்டிக்கும் அதற்கும் ஓர் உறவுண்டு. ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டிலேயே உருவாகி, 2010களில் வெளிவந்த ஒரு லினக்ஸுக்கு ஹந்தானை என்றே பெயர்.

ஆனால், லினக்ஸ் எவ்வளவு நல்லதானாலும் அதைத் தாங்குவது ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டுத்தான். அதனுள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. வாசிக்கும் முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. தட்டில் ஓரிடம் பழுதானால், அதே இடத்தை அது திரும்பத் திரும்ப வாசிக்க முயலும். அந்த நேரத்தில் கணினி உறைந்துபோனதுபோல் நிற்கும். ஆகவே, வேகக் குறைவு சில வேளை வன்தட்டின் கடைசிக் காலத்துக்கான அறிகுறி.

எனவே முதல் வேலை, நகல் எடுப்பது. கலியாணப் படங்கள், பிள்ளைகளின் ஒப்படைகள், மௌத்தான உம்மாவின் குரல் பதிவு என்று திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் ஒரு பென் டிரைவில் பதியுங்கள். பெட்டிக்குள் 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் சேதத்தைக் கூட்டக்கூடும். அனுபவமுள்ளவரிடம் காட்டுவதே நல்லது.

அடுத்து, 'சிஸ்டம் மொனிட்டர்' என்பதைத் திறந்து பாருங்கள். ரேம் நிரம்பி, 'சுவாப்' என்ற கோடும் ஏறியிருந்தால், குற்றம் வன்தட்டில் இல்லாமலிருக்கலாம். ரேமில் இடம் போதாதபோது லினக்ஸ் வன்தட்டையே ரேமைப் போலப் பயன்படுத்தும். வன்தட்டோ ரேமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. திறந்து கிடக்கும் இணையப் பக்கங்களை மூடுங்கள். முடிந்தால் ரேமைக் கூட்டுங்கள். வன்தட்டில் இடம் முற்றாக நிரம்பியிருந்தாலும் தேவையற்றதை நீக்குங்கள்.

மூன்றாவதாக, 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் வன்தட்டைத் தெரிவுசெய்து, 'ஸ்மார்ட்' விவரத்தைத் திறவுங்கள். அது வன்தட்டு தானே எழுதிவைக்கும் நோய்க் குறிப்பு. மேலே 'நலம்' என்றிருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். மூன்று வரிகளைப் பாருங்கள். 5ஆம் இலக்கம், பழுதாகி மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. 197, வாசிக்க முடியாமல் தவிக்கும் இடங்கள். இவை பூச்சியமாக இருப்பதே நல்லது. வாரத்துக்கு வாரம் கூடினால், வன்தட்டை மாற்ற வேண்டும். 199 கூடிக்கொண்டே போனால், பெரும்பாலும் தகவல் கம்பியில்தான் கோளாறு. கணினியை நிறுத்தி, மின்சாரச் செருகியைக் கழற்றிய பிறகு அந்தக் கம்பியை இறுக்கியோ மாற்றியோ பாருங்கள். ஒரு கம்பியால் தீரும் கோளாறுக்குப் புதுக் கணினி எதற்கு?

மாற்றத்தான் வேண்டுமென்றால், சுழலும் பாகங்களே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போடலாம். பல பழைய கணினிகளும் அதை ஏற்கும். இயந்திரம் புதிதானதுபோல் ஓடும்.

அக்குறணையிலிருந்தோ மடவளையிலிருந்தோ கணினியைத் தூக்கிக்கொண்டு கண்டி நகரத்துக் கடைக்குப் போகுமுன், நகல் எடுத்தாயிற்றா என்று ஒருமுறை பாருங்கள். கடையில், "கேட்காமல் ஃபோர்மட் செய்ய வேண்டாம்" என்று சொல்லியே கொடுங்கள். வன்தட்டுக்கு விலையுண்டு, வாங்கிவிடலாம். உம்மாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?