உச்சந்தலையில் ஒரு கண்

உடுவிலில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் பேரன் காசு கொடுத்து ஓணான் வாங்கியிருக்கிறானாம். வந்த நாள் தொட்டு அது சாப்பிடவில்லை, தாடியும் கறுத்துவிட்டது, என்ன வருத்தம் என்று கேட்கிறார். “வேலி முழுக்க ஓணான் ஓடுற ஊரிலை பிறந்தவளின்ரை பிள்ளைக்கு இது என்ன விசர்?” என்றும் ஒரு வரி.

வருத்தம் இல்லை அம்மா, பயம். பேரன் வாங்கியது அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுத் தாடி ஓணான். நம் கிளுவை வேலியில் தலையாட்டுகிறதே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். பயந்தால் தாடி கறுக்கும். புது இடத்தில் சில நாள் தீனி எடுக்காது. அதுவரை தூக்காமல், கொஞ்சாமல் விடச் சொல்லுங்கள்.

தூக்கும் நாளிலும் கை பக்கவாட்டில் இருந்து வரவேண்டும், மேலிருந்து அல்ல. பருந்து வருவது மேலிருந்துதானே. அதோடு இந்தப் பிராணிக்கு உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. நம் ஓணானுக்கும் உண்டு. உற்றுப் பார்த்தால் தலை நடுவே கடுகளவில் ஒரு புள்ளி தெரியும். கதை அல்ல, வில்லையும் விழித்திரையும் உள்ள உண்மையான கண். இமை கிடையாது, ஒளி புகும் செதில் ஒன்று மூடியிருக்கும். அதில் உருவம் விழாது. வெயிலில் கண்ணை மூடி நிற்கையில் முன்னால் ஆள் கடந்தால் நமக்குத் தெரிகிறதல்லவா, ஏறக்குறைய அப்படி ஒரு பார்வை. எவ்வளவு நேரம் வெயில் காய்வது என்ற கணக்கிலும் அதற்குப் பங்குண்டு. கலிபோர்னியாவின் வேலி ஓணான்களில் இந்தக் கண்ணை அகற்றிப் பார்த்த ஆய்வு 1958இல் வெளிவந்தது. கண் போனவை வெயிலில் அளவுக்கு மிஞ்சிக் கிடந்தன.

உடுவிலில் இனாமாகக் கிடைக்கும் அந்த வெயிலை ஸ்காபரோவில் விலைக்கு வாங்கவேண்டும். கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலை 40 பாகை செல்சியஸ் அளவில் சுட வேண்டும், மறுபக்கம் 25 போதும். புற ஊதாக் கதிர் விளக்கு தனி. அது இல்லாவிட்டால் விற்றமின் டி உண்டாகாது, சுண்ணாம்புச்சத்து ஒட்டாது, எலும்பு வளைந்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். வெட்டுக்கிளி, கீரை எல்லாம் கொடுக்கலாம். மின்மினி மட்டும் கூடாது. ஒன்றே ஒன்று போதும், உயிர் போய்விடும்.

அங்கே இத்தனை செலவு செய்து ஒன்றைக் காப்பாற்றுகிறார்கள். இங்கே ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிக்கிறோம், கல்லால் எறிகிறோம். ஏன் என்று கேட்டால், ஓணான் தூர நின்றே தொப்புள் வழியாக நம் இரத்தத்தை உறிஞ்சுமாம், அதனால்தான் அதன் கழுத்துச் சிவக்கிறதாம்! கழுத்துச் சிவப்பது இணை தேடும் பருவத்தில் ஆண் காட்டும் நிறம். இரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெங்காயப் பாத்தியில் பூச்சி பொறுக்கும் பிராணி அது. பாத்திக்கு மருந்தடித்து அதன் சாப்பாட்டையும் ஏற்கெனவே குறைத்துவிட்டோம். சுருக்கோடு வேலியோரம் நிற்கும் பிள்ளையைக் கண்டால் ஏசாதீர்கள். அந்த மூன்றாவது கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஈர்க்கை வாங்கி வையுங்கள்.