கண்டதும் கேட்டதும்

மேடை செவிக்கு விட்டுவைத்ததைத் திரை கண்முன் நிறுத்திவிடுவதுண்டு. அதனால் விளையும் பயன் யாது? ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ என்னும் இன்பியல் நாடகத்தைக் கொண்டு நோக்குவோம். 1600இல் அச்சேறிய இந்நாடகத்தைக் கென்னத் பிரானா 1993இல் திரைப்படமாக்கினார்.

மெசினா நகர ஆளுநரின் மகள் ஹீரோ. அவளை மணக்கவிருப்பவன் கிளாடியோ. மணநாளுக்கு முந்திய இரவில், அவள் சாளரத்தில் வேறொருத்தியைத் தோன்றச் செய்து, ஹீரோவே அயலானோடு கூடியிருப்பதாக வஞ்சகர் அவனை நம்பவைக்கின்றனர். மறுநாள் மணமேடையிலேயே அவளைப் பழித்து ஒதுக்குகிறான். பெற்ற தந்தையும் அப்பழியை நம்பி, மகள் மாள்வதே நன்று என்கிறார்.

நாடகத்தில் அச்சாளரக் காட்சி மேடையேறுவதில்லை. பிறர் சொல்லவே கேட்கிறோம். ஆதலின் கிளாடியோவின் மடமையை எளிதில் இகழ்கிறோம். திரைப்படமோ அக்காட்சியைக் காட்டிவிடுகிறது. இருளில் நிற்கும் அவனோடு நாமும் நின்று காண்கிறோம். ‘நாமாயினும் நம்பியிருப்போமே’ என்று நம் நெஞ்சம் துணுக்குறுகிறது. சிரிக்க வந்த நாம் நம்மையே விசாரிக்கத் தொடங்குகிறோம். படத்தின் பயன் இதுவே.

கற்புடைய பெண்டிர்மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொணர்தல் வேண்டும் எனத் திருக்குர்ஆன் ‘அந்நூர்’ அத்தியாயத்தில் விதிக்கின்றது. சாளரத்து நிழல் சாட்சியாகாது. நாடகத்திலும் உண்மையை வெளிக்கொணர்வது கண்டவர் சினமன்று; பேசத் தெரியாத காவலர் பிடித்துவந்த குற்றவாளியின் வாக்குமூலமே. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் முதுமொழிக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?