டேர்போ காருக்கு எந்த ஒயில்? கொம்பனிப் பெயரைப் பார்த்தால் மட்டும் போதாது

சேர்விஸுக்குக் காரைக் கொண்டுபோனால் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எந்தக் கொம்பனி ஒயில் போடுறது?" என்பதுதான். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நான் போன கராஜ்களில் இதற்கு அடுத்து ஓர் ஆலோசனையும் வரும்: "எங்கட வெயிலுக்குக் கொஞ்சம் தடிப்பான ஒயில் போடுங்கோ." பழைய இயந்திரங்களில் இந்த ஆலோசனை பெரிய கெடுதல் எதையும் செய்யாமல் இருந்திருக்கலாம். டேர்போ பூட்டிய கார்களுக்கு அப்படியல்ல.

டேர்போ என்பது இன்று வசதி படைத்தவர்களின் விடயம் மட்டுமல்ல. 1000 சிசிக்கு உட்பட்ட இயந்திரங்களுக்கு இறக்குமதி வரி குறைவு என்பதால், சிறிய இயந்திரத்தில் டேர்போ பூட்டிய கார்கள் நம் நாட்டுக்கு நிறையவே வந்தன. ஹொண்டா சிவிக் 1.0, ரொயோட்டா ரைஸ், டேர்போ வகை சுசுகி ஸ்ரிங்ரே ஆகியவை சில உதாரணங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இன்றைய விலையில் இன்னொரு கார் வாங்குவது பலருக்கு இயலாத காரியம். இருக்கும் காரைக் காப்பாற்றுவதே ஒரே வழி.

டேர்போ என்ன செய்கிறது? புகைக்குழாயால் வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தால் கூடுதல் காற்றை இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. சிறிய டேர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 200,000 தடவை வரை சுழலக்கூடியது. பெற்றோல் இயந்திரத்தில் அதன் ஒரு பக்கத்தைத் தொடும் வாயுவின் வெப்பம் 900 பாகை செல்சியஸைத் தாண்டலாம். பெரும்பாலான டேர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் ஒன்றே. ஒயில் தரமற்றதாக இருந்தாலோ பழசாகிப் போனாலோ, அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். கரி ஒயில் வரும் சிறு குழாயை அடைத்தால், டேர்போ அழிய அதிக நேரம் எடுக்காது.

கலனில் உள்ள எண்களுக்கு வருவோம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பவற்றில் முதல் எண் கடுங்குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுவது. 0டபிள்யூ சோதிக்கப்படுவது உறைநிலைக்குக் கீழே 35 பாகையில். நுவரெலியாவில்கூட அந்தக் குளிர் இல்லை. நமக்கு முக்கியமானது இரண்டாவது எண். அது 100 பாகை செல்சியஸில், அதாவது இயந்திரம் சூடாகி ஓடும்போது உள்ள தடிப்பைக் காட்டுகிறது. சூடான இயந்திரத்துக்குள் இருக்கும் வெப்பத்தைக் குளிரூட்டும் தொகுதி கட்டுப்படுத்துவதால், வெளியே வெயில் கூடுதல் என்பதற்காக மட்டும் 20 என்பதை 40 ஆக்கத் தேவையில்லை. கைநூல் வேறு தடிப்புகளையும் அனுமதித்திருந்தால் அந்த எல்லைக்குள் தெரிவு செய்யலாம்.

எண்ணைவிடக் கவனிக்க வேண்டியது எழுத்து. ஏபிஐ எனப்படும் அமெரிக்கத் தரக்குறியீட்டில் 'எஸ்' என்பது பெற்றோலுக்கும் 'சி' என்பது டீசலுக்கும் உரியது. நேரடியாக எரிபொருள் பீச்சும் சிறிய டேர்போ பெற்றோல் இயந்திரங்களில், குறைந்த வேகத்தில் திடீரென அக்சிலேற்றரை மிதிக்கும்போது, பிளக் பொறி தருவதற்கு முன்பே எரிபொருள் தீப்பற்றும் பிரச்சினை உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய இந்தக் கோளாறில் ஒயிலின் இரசாயனக் கலவைக்கும் பங்கிருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது. அதனால்தான் 2018இல் எஸ்என் பிளஸ் தரமும், 2020இல் எஸ்பி தரமும் வந்தன. இப்படியான கார் வைத்திருப்பவர்கள், சரியான தடிப்புடன் எஸ்பி என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஐரோப்பியக் கார்களுக்குத் தயாரிப்பாளரின் சொந்த அங்கீகார இலக்கம் தேவைப்படும். வொக்ஸ்வாகன், அவுடி கார்களுக்கான 508 00 அப்படியான ஒன்று. டீசல் துகள் வடிகட்டி உள்ள வாகனங்களுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் அவசியம். சிவிக் 1.0 போன்ற சிலவற்றில் டைமிங் பெல்ட் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. பொருந்தாத ஒயில் பெல்டையும் அரிக்கும்.

அடுத்தது மாற்றும் காலம். ஜப்பானில் ரொயோட்டா, சாதாரண பெற்றோல் காருக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்கிறது. டேர்போவுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்கிறது. கடுமையான பாவனை என்றால் அதிலும் பாதி. கொழும்பு நெரிசலில் குறுந்தூரம் ஓடும் கார் எந்த வகை என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

என் உறவினர் ஒருவரின் ஜப்பான் காருக்கு ஒயில் தேடியபோது, கைநூல் முழுவதும் ஜப்பான் மொழியில் இருந்தது. ஆனால் ஒயில் பற்றிய பக்கத்தில் தடிப்பு எண்ணும் தர எழுத்தும் ஆங்கில எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தோம். கைநூல் இல்லாதவர்கள் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் மொடலையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம்.

போலி ஒயில் இன்னொரு ஆபத்து. அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் வாங்குங்கள். கலனின் சீல் உங்கள் கண்முன்னே உடைக்கப்படட்டும். வெறுங்கலனைத் திரும்பக் கேட்டு வாங்கி, ஓட்டை போட்டு எறிந்துவிடுங்கள். அதில் யாரும் மறுபடி ஒயில் நிரப்பி விற்க முடியாது.

ஒயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். கடுகண்ணாவை ஏற்றம் ஏறியதும், அதிவேக நெடுஞ்சாலையில் ஓடி வந்ததும், உடனே இயந்திரத்தை நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அடுத்த முறை கராஜில் "எந்தக் கொம்பனி?" என்று கேட்டால், தடிப்பையும் தர எழுத்தையும் முதலில் சொல்லுங்கள். அந்த இரண்டும் பொருந்தும் ஒயில்களுக்குள் கொம்பனியைப் பிறகு தெரிவு செய்யலாம்.