ஸ்ட்ரிப்பில் சிக்காத புரதம்

எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் ரத்தப் புற்றுநோய்களில் ஒன்று மல்டிபிள் மைலோமா. மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள், கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற புரதத்தைத் தயாரிக்கின்றன. இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு லேசான சங்கிலிகளும் சேர்ந்தது அந்தப் புரதம். ஒரே ஒரு பிளாஸ்மா செல் கெட்டுப்போய்க் கட்டுப்பாடில்லாமல் பெருகினால், அதன் வழிவந்த செல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த, எதற்கும் உதவாத புரதத்தைக் கொட்டுகின்றன. ஜோடி சேராமல் மிஞ்சும் லேசான சங்கிலிகள் ரத்தத்தில் திரிகின்றன. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உள்ள அவை, சிறுநீரக வடிகட்டியைச் சுலபமாகக் கடந்து சிறுநீரில் இறங்கிவிடும். பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்பது இதுதான்.

1845இல் லண்டனில் எலும்பு வலியால் துடித்த 45 வயது மளிகை வியாபாரி ஒருவரின் சிறுநீர் வினோதமாக நடந்துகொண்டது. மெல்லச் சூடாக்கியபோது கலங்கியது, கொதிக்கவிட்டதும் தெளிந்தது, ஆறியதும் மறுபடி கலங்கியது. நாமக்கல் முட்டையை வேகவைத்தவர்களுக்கு இது ஏன் வினோதம் என்று புரியும். வெள்ளைக்கரு ஒருமுறை வெந்து இறுகினால் எவ்வளவு கொதித்தாலும் திரும்பக் கரையாது. சிறுநீரில் புரதம் இறங்கும்போது வழக்கமாகக் காணப்படும் ஆல்புமினும் அப்படித்தான். டாக்டர் வில்லியம் மேக்கின்டையர் கவனித்த இந்த மாற்றத்தை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்து எழுதினார். நோயாளி 1846 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். ஒரு புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் பொருளாக முதன்முதலில் அறியப்பட்டது இந்தப் புரதமே. அது இம்யூனோகுளோபுலினின் லேசான சங்கிலிதான் என்று ஜெரால்ட் எடல்மேனும் ஜோசப் கேலியும் 1962இல்தான் நிறுவினார்கள்.

சேலம், நாமக்கல் சமவெளியில், எலும்பு வலியாக வெளிப்படும் மைலோமா மறைந்துகொள்ள இடம் நிறைய. விசைத்தறியில் நாளெல்லாம் நிற்பவருக்கும், லாரியில் வடமாநிலம் போய்வருபவருக்கும், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்பவருக்கும் முதுகுவலி புதிதல்ல. போதாததற்கு, இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதுவும் மூட்டையும் முதுகையும் வாட்டும். எக்ஸ்ரேயில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். ஃப்ளூரைடு பாதித்த எலும்பு அடர்ந்து வெளுப்பாகத் தெரியும். மைலோமா அரித்த எலும்பு துளை போட்டதுபோல் இருக்கும். ஆனால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே மாதக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பின் வலி மாத்திரை ஓடிவிடுகிறது. மைலோமா நோயாளிக்கு அந்த மாத்திரை பெரும் கேடு. லேசான சங்கிலிகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அங்குள்ள வேறொரு புரதத்தோடு ஒட்டிக் கெட்டியாகி வழியை அடைக்கின்றன. வலி மாத்திரையும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இந்த அடைப்பை விரைவுபடுத்தும். டயாலிசிஸ் வரை போன பிறகே நோய் இன்னதென்று தெரியவருபவர்களும் உண்டு.

லேப்பில் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும். பென்ஸ் ஜோன்ஸ் புரதம் ஏராளமாக இருந்தாலும் அதில் நிறம் மாறாமல் போகலாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்க, ஸ்ட்ரிப் மட்டும் சுத்தமாக இருந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டால் இந்தப் புரதமும் சேர்ந்து கலங்கும். 24 மணி நேரச் சிறுநீரில் செய்யும் எலக்ட்ரோபோரெசிஸ், இம்யூனோஃபிக்சேஷன் ஆகியவை அதை அடையாளம் காட்டும். ரத்தத்தில் லேசான சங்கிலிகளை நேரடியாக அளக்கும் பரிசோதனையும் இப்போது உண்டு. முடிவைச் சொல்வது மஜ்ஜைப் பரிசோதனை. இப்படியொரு புரதம் சிறிதளவு இருப்பதாலேயே புற்றுநோய் என்றாகிவிடாது; சிலரைக் கண்காணித்து வந்தாலே போதும்.

மைலோமாவை அடியோடு ஒழிக்கும் மருந்து பெரும்பாலானவர்களுக்கு இன்னும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் அடக்கிவைக்க முடியும். போர்டெசோமிப், லெனலிடோமைடு போன்ற மருந்துகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சை வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் நடக்கிறது. இவை முழுப் பலன் தர, சிறுநீரகம் கெடுவதற்குள் நோயைப் பிடிக்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு வாரக்கணக்கில் தீராத முதுகுவலியோடு, இந்த நோயின் இன்னோர் அடையாளமான, காரணம் தெரியாத ரத்தசோகையும் சேர்ந்திருந்தால், அடுத்த மாத்திரை அட்டையை வாங்காதீர்கள். டாக்டரிடம் போய், மைலோமாவுக்கான பரிசோதனை தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.