புகைக்கூட்டு வழக்கு

தமிழ் படித்தவர்களுக்கு வழக்கு இரண்டு. ஒன்று உலக வழக்கு; மற்றொன்று செய்யுள் வழக்கு. இவ்விரண்டினும் அடங்காத வழக்கொன்று சென்ற ஆடி மாதத்தில் என் வீட்டிலேயே எழுந்தது. அது புகைக்கூட்டு வழக்கு. எங்கள் அடுக்களையின் புகைக்கூட்டைத் திருத்துவதா, இடிப்பதா என்பதே விவகாரம்.

வீடு யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடு. மலாயாவில் உத்தியோகம் பார்த்து மீண்ட என் பாட்டனார் 1938 இல் கட்டியது. சுவர் சுண்ணாம்புக் கல்; சாந்து சுண்ணாம்புச் சாந்து; கூரை பனஞ்சலாகையும் ஓடும். அடுக்களைச் சுவரோடு சேர்த்து, முகட்டுக்கு மேலே மூன்றடி உயரத் தோன்றும்படி, புகைக்கூடும் அமைத்தார். "மனிதர் புகைக்கும் ஒரு வீடு கட்டுகிறார்" என்று அயலார் நகைத்தார்களாம்.

பாட்டனார் மறுமொழி கூறவில்லை. அவருடைய தாயார் கொட்டில் அடுக்களையில் ஊதுகுழலும் கையுமாய் வாழ்ந்தவர். கண் மங்கிற்று, நெஞ்சு இறுகிற்று, இருமியிருமியே மறைந்தார். தாய்க்குச் செய்ய இயலாததைப் பாட்டனார் மனைவிக்குச் செய்தார். வீட்டினுள்ளே மண்டும் அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் மாண்டோர் ஏறத்தாழ 32 இலட்சம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. பாட்டனார் அந்தக் கணக்கை அறியார். ஒரு தாயின் இருமலை அறிவார்.

புகைக்கூடு செய்யும் தொழில் எளியது. அடுப்பிலே சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும். அது போன இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று வாயில் வழியே வரும். கூடு உயர உயர இழுப்பும் மிகும். முகட்டிலும் தாழ்ந்து நின்றாலோ, கூரையில் மோதிச் சுழலும் காற்றுப் புகையை மீட்டும் அடுக்களைக்கே அனுப்பிவிடும். சாளரத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் காலதர். காற்றுச் செல்லும் வழி என்பது பொருள். அம்முறையிலே இதனைப் புகையதர் எனலாம்.

நிற்க. 1964 மார்கழிச் சூறாவளிக்கு அசையாத கூடு, போருக்கு அசைந்தது. 1995 ஐப்பசியில் இடம்பெயர்ந்து, மறு ஆண்டு திரும்பியபோது அதன் ஒரு மூலை பெயர்ந்து கிடந்தது. கையில் அகப்பட்ட சீமெந்தைக் குழைத்துப் பூசினோம். நாம் செய்த பிழை அதுதான். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உண்டு, வெயிலிலே உமிழ்ந்துவிடும். சீமெந்தோ உள்ளே புகுந்த நீரை எளிதில் வெளியே விடாது. பூச்சு வைரம்போல் நின்றது. அதன் பின்னே கல் உதிர்ந்தது. வெடிப்பில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டது. கூடு கிணற்றடிப் பக்கம் சாய்ந்தது. கூரையோடு கூடும் இடத்தில் மழைநீர் இறங்கிச் சலாகைத் தலைப்புகளும் இற்றன.

வழக்குத் தொடுத்தவர் என் மனைவியார். "பேரப்பிள்ளை கிணற்றடிக்கு ஓடுகிற பாதை அது. பிள்ளையின் தலையில் விழுந்த பிறகா தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள்?" என்றார். அதற்கு மறுமொழி இல்லை. அன்றே அப்பாதையைக் கயிறு கட்டி மறித்தேன்.

மகன் அவருக்குத் துணை நின்றான். "காஸ் அடுப்பு இருக்கிறது. பழையது போகலாம் என்று நன்னூலே சொல்கிறதே, அப்பா!" என்றான். நான் விடுவேனா? பழையவை கழிவதும் புதியவை புகுவதும் குற்றமாகா என்றாரேயன்றி, பழையவற்றைக் கழித்தேயாக வேண்டும் என்று பவணந்தியார் விதித்தாரல்லர். அனுமதி வேறு, ஆணை வேறு.

ஆனால், இலக்கணம் சாய்ந்த சுவரைத் தாங்காது. மேசனை அழைத்தேன். அவர் ஏணி வைத்து ஏறி, சுத்தியலாற் கல்லைக் கல்லாகத் தட்டிக் கேட்டார். கீழே கணீரென்றது, மேலே பொத்தென்றது. "ஐயா, மேல் நாலடியும் எப்படியும் இறக்கத்தான் வேணும். அடி நல்ல உறுதி. முழுக்க இடித்து ஓடு மூட இரண்டு நாள், திரும்பக் கட்ட ஒன்பது நாள்" என்றார்.

இரண்டு நாட் கூலியா, ஒன்பது நாட் கூலியா? என் சம்பளம் இரண்டு நாள் என்றது. அதுவரை வாய் திறவாதிருந்த என் தாயார் அப்போது ஒன்று கேட்டார்: "தம்பி, காஸ் வராமல் விட்ட வருஷம் எந்த அடுப்பிலை சோறு அவிஞ்சது?"

2022 ஆம் ஆண்டை நான் மறந்துவிட்டேன். சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்ற காலம். பன்னாடையும் ஊமலும் பொச்சுமட்டையும் எரித்து, எங்கள் அடுக்களையிலே மூன்று வீட்டார் சமைத்தனர். ஒருவருக்கும் கண் கரிக்கவில்லை.

தீர்ப்புப் பிறந்தது. பழமை ஒன்றே ஒரு பொருளைக் காக்கப் போதாது. இனி ஒருபோதும் அங்கே தீ மூட்டமாட்டோம் என்றால், இடிப்பதற்கு நானே உடன்பட்டிருப்பேன். தொழில் உள்ளவரை, காப்பதே முறை. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, அரித்த ஏடென்று எறிந்துவிடவில்லை. ஆயினும், அவர் காத்தது ஏட்டை, செல்லை அன்று.

அவ்வாறே, சாய்ந்த நாலடியை இறக்கினோம். அரசை வேரோடு களைந்தோம். சீமெந்தைச் சுரண்டியெறிந்து, அதே கல்லைச் சுண்ணாம்புச் சாந்திலே மீண்டும் பழைய உயரத்துக்கு எழுப்பினோம். மழையும் அணிலும் புகாமல், புகை மட்டும் போக, உச்சியில் நான்கு சிறுகால்மீது கற்பலகை ஏற்றிப் பக்கங்களுக்குக் கம்பிவலை இட்டோம். இற்ற சலாகைகளை மாற்றினோம். ஒன்பது நாள் பதினொரு நாளாயிற்று.

"மாமிக்குப் பிறகு இந்த அடுப்பை யார் மூட்டுவது?" என்று மனைவியார் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு மாலை, கல்லூரியிலிருந்து மீண்டேன். படலையில் நிற்கும்போதே கூட்டிலிருந்து புகை எழுவது தெரிந்தது. தாயார் திண்ணையில் இருந்தார். அடுக்களையை எட்டிப் பார்த்தேன். அடுப்பின் முன்னே மனைவியார்.

"காஸ் முடிந்துவிட்டது" என்றார், திரும்பாமலே.