நாற்பதுக்கு மேல் மறதி: பிரஷரையும் காதையும் பாருங்கள்

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் பைக்கை நிறுத்திவிட்டு பீச் வண்டி ஏறியவருக்குப் பல்லாவரம் தாண்டும்போது சந்தேகம் வருகிறது: வண்டியைப் பூட்டினோமா? பீர்க்கன்கரணை, இரும்புலியூர் பக்கம் நாற்பதைக் கடந்த பலருக்கும் இது பழக்கமான கவலை. சிலர் உடனே போனில் ‘அல்சைமர்’ என்று தேடிப் பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது இல்லை.

எது சாதாரணம்?

பூட்டும்போது மனம் ஆபீஸில் இருந்தால் பூட்டியது மூளையில் பதியவே பதியாது. பதியாததை எப்படி மறக்க முடியும்? தூக்கக் குறைவு, தைராய்டு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றில் சிலவற்றை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்து, மருந்தில் சரிசெய்யலாம்.

அதற்காக நடுவயதில் மூளை அப்படியே இருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், 45 முதல் 49 வயதுக்காரர்களுக்கே பத்தாண்டில் பகுத்தறியும் திறன் 3.6 சதவீதம் குறைந்திருந்தது. சொல்வளம் குறையவில்லை.

இருபது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே அரை மணியில் திரும்பக் கேட்பது, கரன்ட் பில் கணக்கில் தடுமாறுவது என்றால் கதை வேறு. தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சத்தமில்லாத பிரஷர்

மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் மிக நுண்ணியவை. உயர் ரத்த அழுத்தம் அவற்றை வருஷக்கணக்கில் தடிக்க வைத்து அடைக்கிறது, வலியே தெரியாது. ஐம்பது வயதில் மேல் அளவு 130ஐத் தொட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் (டிமென்ஷியா) வரும் வாய்ப்பு கூடுதல் என்று அதே வைட்ஹால் ஆய்வு காட்டியது.

நம்மூரில் பெரிய சிக்கல், ‘இப்ப நார்மல்தான்’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவது. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் முதல் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறது. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் என்ன பயன்?

காதை மறந்துவிடுகிறோம்

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு. அதில் முன்வரிசையில் இருப்பவை கெட்ட கொலஸ்ட்ராலும் காது மந்தமும். காது மந்தமானால் பேச்சு குறையும், பழக்கம் குறையும், மூளைக்கு வேலையும் குறையும். கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள்கூட ‘காது மிஷின்’ என்றால் முகம் சுளிக்கிறார்கள். டிவி சத்தம் எதிர்வீடு வரை கேட்கிறதென்றால் காதைப் பரிசோதிக்கும் நேரம் வந்துவிட்டது.

தூக்கம், ஹெல்மெட்

ஐம்பது முதல் எழுபது வயது வரை ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் ஆபத்து சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து விடிய விடிய ரீல்ஸ் பார்ப்பவர்கள் கவனிக்க. மூச்சுத் திணறலோடு குறட்டை விட்டால் அதற்கும் சிகிச்சை தேவை.

தலைக்காயமும் லான்செட் பட்டியலில் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் போலீஸ்காரரை நினைக்கிறார்கள், மூளையை நினைப்பதில்லை.

ஞாபகசக்தி மருந்து என்று விளம்பரமாகிற டானிக்குகளுக்குச் செலவழிக்காதீர்கள். வல்லாரைத் துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசிக்காக. சுடோகு போடுவதைவிட தினமும் அரை மணி வேகமாக நடப்பது மேல்.

இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான கணிப்பு சொல்கிறது. நீங்கள் நாற்பதைத் தாண்டியவர், பிரஷர் பார்த்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றால், இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.